கப்பலுக்காக நட்ட ஓக் மரங்கள்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி, டீன் காடு என்று ஒரு பழைய அரசுக் காடு இருக்கிறது. அதில் நாக்ஸ்ஹெட் என்ற பகுதி முழுக்க ஓக் மரங்கள். அடர்த்தியாக, நேராக, உயரமாக வளர்ந்து நிற்பவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் நடப்பட்டவை. எதற்காக? போர்க்கப்பல் கட்டுவதற்காக. அந்த மரங்களில் இன்று தொங்குவதோ பறவைகளுக்கான மரப்பெட்டிகள்!

கப்பலுக்கென்று நட்ட மரம் பறவைக்கு வீடானது எப்படி என்பது சுவாரஸ்யமான கதை. கொஞ்சம் நீளமான கதையும்கூட. ஏனென்றால் ஓக் மரத்தைப் பொறுத்தவரை எல்லாமே நீளம்தான். நூறு வருடம் என்பது அதற்கு வாலிப வயது.

ஓக் மரத்தைத் தமிழ் அகராதிகளில் 'கருவாலி' என்று போட்டிருப்பார்கள். ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கே ஓக் என்றே வைத்துக்கொள்வோம். உலகத்தில் நூற்றுக்கணக்கான ஓக் இனங்கள் உண்டு. பிரிட்டனுக்குப் பூர்வீகமானவை இரண்டே இரண்டு. ஒன்றில் கொட்டை நீளமான காம்பில் தொங்கும். இன்னொன்றில் கொட்டை கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதலாவதைத்தான் பொதுவாக 'இங்கிலீஷ் ஓக்' என்கிறார்கள்.

பூர்வீகம் என்று சொன்னாலும் அதுவும் ஒரு காலத்தில் வந்தேறிதான். கடைசிப் பனியுகத்தில் பிரிட்டனின் பெரும்பகுதி பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது. ஓக் மரங்கள் அப்போது தெற்கே ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பகுதிகளில் ஒதுங்கிக் கிடந்தன. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் முடிந்து குளிர் குறையக் குறைய அவை வடக்கே நகர்ந்தன. பிரிட்டனில் இன்று நிற்கும் ஓக் மரங்களில் பெரும்பாலானவை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வந்த வம்சம் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் ஏறி பிரிட்டன் தீவாகிப் போனது. அதற்கு முன்பு தாமாகவே தரைவழியாக வந்து சேர்ந்தவற்றைத்தான் அங்கே பூர்வீக மரம் என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் ஒரு புதிர். ஓக் கொட்டை கனமானது. காற்றில் பறக்காது. மரத்திலிருந்து விழுந்தால் அடியிலேயே கிடக்கும். அது முளைத்து மரமாகி, அந்த மரம் கொட்டை போடுவதற்கே ஏறத்தாழ 40 வருடம் ஆகும். அப்படியானால் இத்தனை தூரத்தை எப்படிக் கடந்தது? 1899இல் கிளெமென்ட் ரீட் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெறுமனே விழுந்து முளைத்துக்கொண்டே வந்திருந்தால் பிரிட்டனின் வடகோடியை எட்ட ஏறக்குறைய பத்து லட்சம் வருடம் ஆகியிருக்கும்! ஆகவே பறவைகள்தான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று சொன்னார். தாவரவியலில் இதற்கு 'ரீட் புதிர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தூக்கிக்கொண்டு போகும் பறவைகளில் முக்கியமானது ஜே. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கறுப்பு இல்லை. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடம்பு, சிறகில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. இலையுதிர் காலத்தில் ஒரு ஜே ஆயிரக்கணக்கான ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும். 5,000 வரைகூடப் போகும் என்று சொல்கிறார்கள். குளிர்காலத்துச் சேமிப்பு. புதைத்த இடங்களை அபாரமாக நினைவில் வைத்திருக்கும். இருந்தாலும் சில தப்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், முளைத்த கன்றையும் அது விடுவதில்லை. மண்ணுக்கடியில் மிச்சமிருக்கும் கொட்டையின் பருப்பை மட்டும் தேடி எடுத்துத் தின்னும். கன்றுக்கு அதற்குள் வேர் நன்றாக இறங்கியிருக்கும் என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1970களில் ஹாலந்தில் பொசெமா என்ற ஆய்வாளர் இதையெல்லாம் விரிவாகக் கவனித்து எழுதியிருக்கிறார். ஜே புதைக்க விரும்புவது அடர்ந்த காட்டுக்குள் அல்ல. வெளிச்சமான திறந்த இடத்தில், புதர் ஓரத்தில். ஓக் கன்று வளர அதுதான் சரியான இடம். எந்த வனத்துறையும் இத்தனை மரங்களை இவ்வளவு மலிவாக நட்டதில்லை!

மனிதர்கள் வந்த பிறகு ஓக் மரத்துக்குப் பயன் கூடிக்கொண்டே போனது. முதலில் பன்றிகள். கொட்டை கொட்டும் காலத்தில் பன்றிகளைக் காட்டுக்குள் ஓட்டிவிட்டுக் கொழுக்க வைப்பது பழைய வழக்கம். 1086இல் முதலாம் வில்லியம் மன்னர் நாடு முழுக்கக் கணக்கெடுத்துத் தொகுத்த 'டூம்ஸ்டே' ஏட்டில், பல மாவட்டங்களில் காட்டின் அளவே 'இத்தனை பன்றிகளுக்கான காடு' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. நம்மூரில் 'ஒரு மரக்கால் விதைப்பாடு' என்று வயலை அளந்த மாதிரி. நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டில் இன்றும் இலையுதிர் காலத்தில் பன்றிகளை விடுகிறார்கள். அங்கே மேயும் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பச்சை ஓக் கொட்டை விஷம். பன்றிகள் முன்னதாகத் தின்றுவிட்டால் அவை தப்பும்.

அடுத்தது மை. ஒருவகைச் சிறு குளவி ஓக் மரத்தில் முட்டையிடும். அந்த இடத்தில் மரம் உருண்டையாக ஒரு வீக்கத்தை உண்டாக்கும். குளவிப் புழுவுக்கு வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான். இந்த உருண்டையில் துவர்ப்புச் சத்து ஏராளம். இதை இடித்து ஊற வைத்து அன்னபேதி உப்பைச் சேர்த்தால் அழியாத கறுப்பு மை கிடைக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப்பட்ட ஆவணங்களெல்லாம், 1215ஆம் வருடத்து மாக்னா கார்ட்டா உட்பட, இந்த மையில் எழுதியவைதான். தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இந்த உருண்டை புதிதல்ல. கைக்குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், ஜாதிக்காயோடு சேர்த்து உரைப்பார்களே, மாசிக்காய்... அது காயே அல்ல! மேற்காசியாவில் வளரும் ஓர் ஓக் இனத்தில் குளவி உண்டாக்கும் வீக்கம்தான் அது. நாட்டு மருந்துக் கடை வழியாக ஓக் மரம் நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது.

இவற்றோடு தோல் பதனிடப் பட்டை, வீட்டுக்கு உத்திரம், சாராயப் பீப்பாய் என்று பட்டியல் நீளும். ஆனால் ஓக் மரத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது கப்பல்தான்.

1664இல் ஜான் ஈவ்லின் என்பவர் 'சில்வா' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். காட்டு மரங்களை நட்டு வளர்ப்பது பற்றிய நூல். உள்நாட்டுப் போரில் காடுகள் கண்டபடி வெட்டப்பட்டுவிட்டன, இப்படியே போனால் கடற்படைக்கு மரம் கிடைக்காது என்ற கவலையில் ராயல் சொசைட்டிக்காக எழுதியது. நிலம் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஓக் நட வேண்டும் என்பது அதன் வேண்டுகோள்.

கவலை நியாயமானதுதான். டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்றிருந்த 'விக்டரி' கப்பலை எடுத்துக்கொள்வோம். 1765இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதைக் கட்ட சுமார் 6,000 மரங்கள் தேவைப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் ஓக். ஒரே ஒரு கப்பலுக்கு! அதிலும் நேரான மரம் மட்டும் போதாது. கப்பலின் விலா எலும்புகளுக்கும், தளத்தைத் தாங்கும் முழங்கால் போன்ற இணைப்புகளுக்கும் இயற்கையாகவே வளைந்த கட்டை வேண்டும். அது தோப்பில் நெருக்கி வளர்த்த மரத்தில் கிடைக்காது. வயல் வரப்பிலும் மேய்ச்சல் வெளியிலும் தனியாக நின்று கைகளை அகல விரித்த மரத்தில்தான் கிடைக்கும். தச்சர்கள் ஊர் ஊராகப் போய், நிற்கிற மரத்தில் எந்தக் கிளை கப்பலின் எந்தப் பாகமாகும் என்று பார்த்துக் குறித்து வருவார்கள்.

டிரஃபால்கரில் நெல்சனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் அட்மிரல் காலிங்வுட். விடுப்பில் ஊருக்கு வந்து நடை போகும்போதெல்லாம் சட்டைப்பையில் ஓக் கொட்டைகளை வைத்திருந்து, நல்ல இடம் கண்ட இடத்தில் மண்ணில் ஊன்றிவிட்டுப் போவாராம். எதிர்காலக் கடற்படைக்கு மரம் வேண்டுமே! ஒரு வகையில் பார்த்தால் அவரும் ஜே பறவையின் வேலையைத்தான் செய்திருக்கிறார்.

உள்ளூர் ஓக் போதாமல் போனபோது பிரிட்டிஷ்காரர்கள் கண் வைத்தது இந்தியத் தேக்கின் மீது. 1817இல் பம்பாய்த் துறைமுகத்தில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் தச்சர்கள் கட்டி முடித்த ஒரு போர்க்கப்பலின் பெயர் 'டிரிங்கமலி'. ஆமாம், நம் திருகோணமலைதான். 1782இல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். மரம் மலபார்த் தேக்கு. இதற்கான வரைபடங்களை முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் அனுப்பினார்கள். அதை 1812 டிசம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'கான்ஸ்டிட்யூஷன்' அடித்து நொறுக்கிவிட்டது. அந்த அமெரிக்கக் கப்பலுக்கு 'இரும்புப் பக்கக் கிழவன்' என்று பட்டப்பெயர். பீரங்கிக் குண்டையே திருப்பி அனுப்பிய அதன் பக்கங்களோ அமெரிக்க ஓக்! மறுபடி வரைபடம் அனுப்பிக் கட்டிய 'டிரிங்கமலி' இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில். சென்னை மாகாணத்தில் இருந்த மலபார் மாவட்டத்தில், நீலம்பூரில், கலெக்டர் கனோலி 1840களில் தேக்குத் தோட்டம் போட வைத்ததற்குப் பின்னாலும் இதே கப்பல் மரக் கவலைதான் இருந்தது. அங்கே உண்மையில் கன்றுகளை வளர்த்து எடுத்தவர் சாத்து மேனன்.

சரி, டீன் காட்டுக்குத் திரும்புவோம்.

1802இல் அந்தப் பக்கம் பயணம் போன நெல்சன், காடு கவனிப்பாரின்றிப் பாழாகிக் கிடப்பதைப் பார்த்து, பிரதமராக இருந்த ஆடிங்டனுக்கு விரிவாக ஒரு குறிப்பு எழுதினார். அரசு உடனே அசைந்துவிடவில்லை. 1808இல்தான் சட்டம் வந்தது: டீன் காட்டில் 11,000 ஏக்கரை வேலியிட்டு அடைத்து, கடற்படைக்கு ஓக் நட வேண்டும்.

வேலி என்றால் யாருக்கு எதிராக? காட்டில் காலங்காலமாக ஆடு மாடு மேய்த்து, பன்றி விட்டு, சுரங்கம் தோண்டிப் பிழைத்த உள்ளூர் மக்களுக்கு எதிராக. மரங்கள் பெரிதானதும் வேலியைத் திறந்துவிடுவோம் என்பதுதான் பேச்சு. இருபது வருடமாகியும் திறக்கவில்லை. 1831 ஜூனில் வாரன் ஜேம்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் தலைமையில் மக்கள் திரண்டு வேலிகளையும் மண் கரைகளையும் உடைத்துத் தள்ளினார்கள். ராணுவம் வந்தது. வாரன் ஜேம்ஸுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடு கடத்தலாக மாற்றி, டாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சில வருடங்களில் மன்னிப்பு கிடைத்தும் அவர் ஊர் திரும்பவே இல்லை. நாட்டுக்காக மரம் நட்ட கதையில் இந்த மனிதரை விட்டுவிடக் கூடாது. கப்பல்களும் மிதக்கவில்லை, மேய்ச்சலும் போயிற்று என்பதுதான் அவருடைய ஊர்க்காரர்கள் கண்ட பலன்.

ஆம், கப்பல்கள் மிதக்கவில்லை. 1860இல் 'வாரியர்' என்ற கப்பலைப் பிரிட்டன் கடலில் இறக்கியது. இரும்பு உடம்பு, நீராவி இயந்திரம். அதோடு மரப் போர்க்கப்பல் யுகம் முடிந்தது. அந்த நேரத்தில் டீன் காட்டு மரங்களின் வயது? ஐம்பது சொச்சம். கப்பலுக்குத் தேவையான பருமன் வர இன்னும் அவ்வளவு காலமாவது போயிருக்க வேண்டும். ஸ்வீடனில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே வெட்டர்ன் ஏரியில் விசிங்ஸோ என்ற தீவில் 1830களில் கடற்படைக்காகச் சுமார் 3 லட்சம் ஓக் நட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 'நீங்கள் கேட்ட மரங்கள் தயார்' என்று வனத்துறை கடற்படைக்குத் தகவல் அனுப்பியதாம்!

இப்படி வேலையில்லாமல் போன மரங்கள் என்ன செய்தன? நின்றன. அவ்வளவுதான். ஆனால் ஓர் ஓக் மரம் சும்மா நிற்பது என்பது சாதாரண விஷயமில்லை என்பதை விஞ்ஞானிகள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார்கள்.

1961இல் சவுத்வுட் என்ற பூச்சியியலாளர், பிரிட்டனில் எந்த மரத்தை எத்தனை வகைப் பூச்சிகள் சார்ந்திருக்கின்றன என்று எண்ணினார். ஓக் மரத்துக்கு 284. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சிகமோருக்கு 15. ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக்கு வெறும் 4. மரத்தின் பருமனோ அழகோ இதற்குக் காரணமில்லை. ஒரு மரம் அந்த மண்ணில் எத்தனை ஆயிரம் வருடங்களாக, எவ்வளவு ஏராளமாக இருந்து வந்திருக்கிறது என்பதே காரணம் என்றார் அவர். பூச்சிகள் ஒரு மரத்தைத் தின்னக் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கிறது. பூர்வீக மரம் என்ற சொல்லுக்கு அதுவரை உணர்ச்சி சார்ந்த ஒரு மதிப்புதான் இருந்தது. இதன் பிறகு அதற்கு எண்ணிக்கையில் ஒரு மதிப்பு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எண்களைத் திருத்தினாலும் அடிப்படை மாறவில்லை. 2019இல் வெளியான ஒரு விரிவான கணக்கு, பிரிட்டனின் ஓக் மரங்களோடு தொடர்புள்ள உயிரினங்கள் 2,300 என்கிறது. அதில் 1,178 பூச்சி போன்ற முதுகெலும்பில்லாதவை, 716 லைக்கன்கள், 229 பாசிகள், 108 பூஞ்சைகள், 38 பறவைகள், 31 பாலூட்டிகள். இவற்றில் 326 இனங்களுக்கு ஓக் இல்லாவிட்டால் வேறு போக்கிடமே இல்லை.

மரம் இவர்களுக்கெல்லாம் அன்னதானம் செய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது தன்னால் ஆன மட்டும் எதிர்க்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் வைதம் காட்டில் பால் ஃபீனி செய்த ஆய்வு 1970இல் வெளிவந்தது. ஓக் இலை துளிர்க்கும்போது மென்மையாக, சத்தாக இருக்கிறது. நாள் போகப் போக இலை தடித்து, துவர்ப்புப் பொருள் கூடி, தின்ன முடியாததாகிறது. அதனால் அந்துப்பூச்சிகளின் புழுக்கள் வசந்தத்தில் துளிர் விரியும் அதே சில நாட்களில் முட்டையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இரண்டு நாள் முந்தினால் மொட்டு திறந்திருக்காது. பிந்தினால் இலை கசக்கும். புழுக்கள் மொத்தமாகப் பெருகும் வருடத்தில் மே மாத முடிவில் மரமே மொட்டையாகிவிடுவதும் உண்டு. கோடையில் மரம் இரண்டாவது தடவை துளிர்விட்டு ஈடுகட்டிக்கொள்கிறது.

அந்தப் புழுக்களை நம்பித்தான் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. நம் பட்டாணிக்குருவிக்கு உறவுக்காரனான நீலச் சிட்டு ஒன்று இருக்கிறது. அதன் குஞ்சு ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 100 புழு வரை சாப்பிடும். ஒரு கூட்டில் எட்டு, பத்து குஞ்சுகள்! பெருக்கிப் பாருங்கள். துளிர், புழு, குஞ்சு மூன்றும் ஒரே வாரத்தில் சந்திக்க வேண்டும். வசந்தம் முன்கூட்டியே சூடாகிவிட்டால் இந்தக் கணக்கு பிசகுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானுக்குத்தான் இது பெரிய சிக்கல். ஐரோப்பாவில் வசந்தம் முந்திவிட்டது என்று அதற்கு ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு எப்படித் தெரியும்?

நாக்ஸ்ஹெட்டில் 1942இல் பெட்டிகள் மாட்டத் தொடங்கியது இந்த ஈப்பிடிப்பான் போன்ற பறவைகளை வரவழைக்கத்தான். அப்போதுகூட நோக்கம் பறவை அல்ல, மரம்! இலையைச் சுருட்டித் தின்னும் புழுக்களைப் பறவைகள் தின்று மரத்தைக் காப்பாற்றட்டும் என்று மாட்டினார்கள். உலகத்திலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் கூட்டுப்பெட்டிக் கணக்கெடுப்புகளில் ஒன்றாக அது மாறிப்போனது.

அங்கே பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். ஒரே வயதில், நெருக்கமாக, நேராக வளர்த்த மரங்களில் பொந்து கிடையாது. தச்சனுக்கு எது நல்ல மரமோ அது பறவைக்குப் பாதி மரம்தான். தச்சன் கழித்துப்போடும் மரத்தில்தான் உயிர்கள் அதிகம்: கோணல் மரம், கிளை முறிந்த மரம், உள்ளே உளுத்துக் குடைந்துபோன மரம்.

குடைந்துபோன ஓக் நோயாளி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மரத்துக்குத் தண்ணீர் ஏறுவது வெளிப்புற வளையங்கள் வழியாக. நடுவில் இருக்கும் வைரம் ஏற்கெனவே செத்த பகுதி. மாட்டிறைச்சிக் காளான் என்று ஒன்று, பார்க்க ஈரல் துண்டு மாதிரியே இருக்கும், அந்த வைரத்தை மட்டும் மெல்லத் தின்கிறது. மரம் குழாய் மாதிரி ஆகி, அதற்குப் பிறகும் நூற்றாண்டுகள் வாழ்கிறது. லிங்கன்ஷையரில் உள்ள பௌதார்ப் ஓக் ஆயிரம் வயதைத் தாண்டியதாகக் கருதப்படுகிறது. சுமார் 13 மீட்டர் சுற்றளவு. 18ஆம் நூற்றாண்டில் அதன் குடைவுக்குள் பெஞ்சு போட்டு விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்! மனிதர்கள் இல்லாத நேரத்தில் அந்த மாதிரிக் குடைவுகளில் வௌவால், ஆந்தை, மரங்கொத்தி, தேனீ. உளுத்த மரத்தூளில் மட்டுமே வாழும் வண்டுகள் தனி உலகம். மேற்கு ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கிலாந்தில் கிழட்டு ஓக் மரங்கள் தப்பி நிற்பதற்கு, நார்மன் காலத்திலிருந்து பிரபுக்கள் வேட்டைக்காக வைத்திருந்த மான் பூங்காக்கள்தான் பெரிய காரணம் என்கிறார் தாவரவியலாளர் அல்ஜோஸ் ஃபார்ஜான். பிரபுக்கள் காத்தது மானை. ஓக் அதோடு சேர்ந்து பிழைத்தது.

20ஆம் நூற்றாண்டு இந்த மரங்களுக்கு நல்ல நூற்றாண்டாக இல்லை. முதல் உலகப் போரில் மரத் தட்டுப்பாடு வந்ததால் 1919இல் வனத்துறை அமைப்பு உருவாக்கப்பட்டது. சீக்கிரம் வளரும் ஊசியிலை மரங்கள் அதன் தேர்வு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய ஓக் காடுகளையே அழித்து ஊசியிலை நட்டார்கள். வெட்டக் கட்டுப்படியாகாத ஓக் மரங்களைப் பட்டை உரித்தும் மருந்து வைத்தும் கொன்றார்கள். 1985இல்தான் கொள்கை திரும்பியது. ஈவ்லினும் காலிங்வுட்டும் தங்கள் ஆயுளுக்கு அப்பால் பார்த்து ஊன்றச் சொன்ன அதே மரத்தை, அவசரம் என்ற ஒரே காரணத்துக்காக!

இப்போதும் ஆபத்து முடியவில்லை. 2025 ஏப்ரலில் வடக்கு லண்டனின் ஒயிட்வெப்ஸ் பூங்கா ஓரத்தில் 500 வயது வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட ஓர் ஓக் வெட்டப்பட்டது பெரிய செய்தியானது. பட்டுப்போன கட்டைகள் ஆபத்தானவை என்பது வெட்டியவர்கள் சொன்ன காரணம். மரம் உயிரோடுதான் இருந்தது என்றது உள்ளாட்சி நிர்வாகம். அதற்குச் சட்டப் பாதுகாப்பு ஆணை எதுவும் அதுவரை இல்லை. ஒரு கிழட்டு ஓக் மரத்தில் பட்ட கட்டை இருப்பது இயல்பு. அதைக் குறையாகப் பார்ப்பவர் கையில் ரம்பம் இருந்தால் கதை இப்படித்தான் முடியும்.

வெட்டியதற்குப் பதிலாகப் புதிதாக நட்டால் சரியாகிவிடாதா? நடுவது கஷ்டமே இல்லை. அக்டோபர் வாக்கில் விழும் கொட்டைகளைப் பொறுக்கித் தண்ணீரில் போட வேண்டும். மிதப்பது சொத்தை, மூழ்குவது நல்லது. உலரவிட்டால் கொட்டை செத்துவிடும் என்பதால் உடனே விதைக்க வேண்டும். முதலில் வேர் இறங்கும். தண்டு வசந்தத்தில்தான் எட்டிப் பார்க்கும். ஆணிவேர் நீளம் என்பதால் ஆழமான தொட்டி வேண்டும், அல்லது நேரடியாக நிலத்தில் ஊன்றிவிட்டு எலி தோண்டாமல் கம்பி வலை போட வேண்டும். கன்றை மானும் முயலும் கடிக்காமல் இருக்க, 1979இல் கிரஹாம் டூலி அறிமுகப்படுத்திய பிளாஸ்டிக் குழாய்கள் உண்டு. முட்புதர் இருந்தால் குழாயும் தேவையில்லை. சஸ்ஸெக்ஸில் நெப் என்ற பண்ணையில் 2001 முதல் உழவை நிறுத்தி நிலத்தைச் சும்மா விட்டார்கள். முட்புதர் மண்டியது. புதரோரத்தில் ஜே பறவைகள் கொட்டையைப் புதைத்தன. முள்ளுக்கு நடுவே ஓக் கன்றுகள் தாமாக எழுந்துவிட்டன.

நிழலில் மட்டும் வைக்கக் கூடாது. 1908 வாக்கில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த வெண்பூஞ்சை நோய் ஓக் இலையில் மாவு பூசிய மாதிரி படர்கிறது. வெயிலில் நிற்கும் கன்று தாங்கிக்கொள்ளும், நிழலில் தாங்காது. பழைய காடுகளுக்குள் ஓக் கன்றுகள் எழும்பாமல் போனதற்கு இதுவும் காரணமாயிருக்கலாம் என்று காட்டு வரலாற்று அறிஞர் ஆலிவர் ராக்கம் கருதினார்.

இத்தனையும் சரியாகச் செய்தால் மரம் வந்துவிடும். பொந்துதான் வராது. இன்று ஊன்றிய கொட்டை முதல் காய்ப்புக்கு வர 40 வருடம். உள்ளே குடைவு விழ இருநூறோ முந்நூறோ. கிழட்டு மரங்களின் தலைமுறைக்கும் இளசுகளின் தலைமுறைக்கும் நடுவே பல இடங்களில் நூறு, இருநூறு வருட இடைவெளி விழுந்துவிட்டது. நடுவயது மரங்கள் இல்லை. கிழடுகள் சாய்ந்தால் உளுத்தூள் வண்டுகள் எங்கே போகும்?

ஸ்வீடனில் நிக்லாஸ் யான்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு குறுக்கு வழியைச் சோதித்தார்கள். பெரிய மரப்பெட்டி செய்து, ஓக் மரத்தூள், ஓக் இலை, வைக்கோல் எல்லாம் அடைத்து மரத்தில் கட்டினார்கள். நிஜப் பொந்தில் பறவை எச்சமும் செத்த பறவையும் கிடக்கும் அல்லவா? அதற்காகச் சில பெட்டிகளில் கோழி எச்சமும், சிலவற்றில் ஒரு செத்த கோழியுமே வைத்தார்கள்! சில வருடங்களில் வண்டுகள் குடிவந்தன. ஓக் பொந்துகளில் வாழும் வண்டினங்களில் பெரும்பகுதி பெட்டிகளிலும் கிடைத்தது. பெட்டிகளைப் பழைய குடைவு மரங்களுக்குப் பக்கத்திலும், 700 மீட்டர் தள்ளியும், 1,800 மீட்டர் தள்ளியும் வைத்துப் பார்த்தார்கள். கிழட்டு மரத்திலிருந்து தூரம் போகப் போக, பொந்தையே நம்பி வாழும் வண்டுகள் பெட்டிக்கு வருவது குறைந்துகொண்டே போனது.